டூவீலர் விதை

இன்னும் உள்ளே விடுங்க தம்பி, இன்னும் கொஞ்சம். வலது பக்கம் தாராளமா இடம் இருக்கு. அப்படியே நேரா... போதும், போதும். கைபிரேக் போட்டுக்கோங்க, தரை லேசா சரிவு. தண்ணி வெளியே ஓடுறதுக்காக அப்படிப் போட்டது. கார் நிக்கிற இடத்துக்கு என்ன தண்ணியா? அதை அப்புறம் சொல்றேன்.

இறங்குங்க. கதவு இடிக்காது. கார்க் கதவு ரெண்டு பக்கமும் முழுசாத் திறக்கணும்னு அளந்து போட்ட ஷெட்டு இது. கொத்தனார் இவ்வளவு அகலம் எதுக்குன்னான். வர்றது எந்த வண்டியோ, நாம ஏன் சின்னதா நினைக்கணும்னு சொல்லிட்டேன்.

ஒண்ணு சொன்னா நம்ப மாட்டீங்க. இந்த ஷெட்டுக்குள்ள வந்து நிக்கிற முதல் கார் உங்களோடதுதான்.

சும்மா இருங்க, நன்றியெல்லாம் எதுக்கு? நான்ல உங்களுக்குச் சொல்லணும். கோயில் வாசல்ல இடம் இல்லாம நீங்க ரிவர்ஸ்லயே தெருக்கோடி வரைக்கும் வந்தீங்க பாருங்க, அப்பவே நான் எந்திரிச்சு வாசலுக்கு வந்துட்டேன். இத்தனை வீடு இருக்கு, அத்தனையையும் தாண்டி வந்து, "ஐயா, இந்த ஷெட்டுல கொஞ்ச நேரம் நிறுத்திக்கலாமா?"ன்னு என்கிட்ட கேக்குறீங்க. நீங்க கேட்டதா நினைக்கிறீங்க. கேட்க வச்சது யாரு? சரி, அது போகட்டும். உங்களுக்கு அதெல்லாம் புதுசா இருக்கும்.

உட்காருங்க. உங்க வீட்டுக்காரங்களும் பிள்ளையும் பெண்கள் பந்தியிலதானே? அது இப்பத்தான் உட்கார்ந்திருக்கும், ஆம்பளைங்க பந்தி அதுக்கு அப்புறம்தான். கோயில் விருந்துல்ல, அசனப் பந்தியை அவசரப்படுத்த முடியாது. நெத்தியில திருநீறு இருக்கு, நீங்க எங்களை மாதிரி வேதக்காரங்க, கிறிஸ்தவங்க இல்லைன்னு தெரியுது. அதுக்கென்ன, அசனத்துக்கு யாரு வேணும்னாலும் வரலாம். ஊரே ஒரே வரிசையில உட்கார்ந்து ஒரே சோத்தைச் சாப்பிடணும்னுதான் அதை ஆரம்பிச்சதே. கூட வேலை பார்க்கிறவர் கூப்பிட்டாரா? யாரு, செல்வின் மகனா? நல்ல பையன். பாவம், அவங்கல்லாம் பழைய கோயில் ஆட்கள்.

நான் போகலையான்னா, நான் இப்போ அந்தக் கோயிலுக்குப் போறதில்லை தம்பி. வேற ஐக்கியம், ஒரு ஜெபக்கூட்டம், அதுக்குப் போறேன். ஆனா அசனச் சாப்பாடு வந்துரும். பக்கத்து வீட்டு ஜாய்ஸ்கிட்ட தூக்குவாளி குடுத்துவிட்டிருக்கேன். உபதேசம் வேற, ஆட்டுக்கறிக் குழம்பு வேற.

என் கார் எங்கேயா?

வரும்.

சிரிக்காதீங்க. எல்லாரும் இப்படித்தான் சிரிச்சாங்க. நான் முப்பது வருஷத்துக்கு மேல ஹைஸ்கூல்ல லேப் அட்டெண்டரா இருந்தவன். வேதக்கண்ணுன்னா அந்தப் பள்ளிக்கூடத்துல தெரியாத ஆள் கிடையாது. கண்ணால பார்க்காததை நம்பாத இடத்துல வேலை பார்த்தவன் நான். அப்படிப்பட்டவனுக்கே விசுவாசம் வந்துச்சுன்னா அதுல ஏதோ இருக்கணும்ல?

ரிட்டயர்டு ஆன வருஷம் அது. தூத்துக்குடியில பெரிய கூட்டம். பிரதர் ஆல்வின் கிருபாகரன் வர்றாரு, நிரம்பி வழியும் பாத்திரம் ஊழியங்கள். நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. டிவியில ராத்திரி வருவாரு. வெள்ளைக் கோட்டு, வெள்ளை பூட்ஸ். அந்த மைதானத்துப் புழுதியில அவரு பூட்ஸ்ல ஒரு தூசி இல்லை தம்பி, நான் கிட்டப்போய்ப் பார்த்தேன். அவரு பேசும்போது ஒரு கதை சொன்னாரு. ஒரு விதவை வீட்டுல கொஞ்சூண்டு எண்ணெய். அவ காலிப் பாத்திரம் எத்தனை எடுத்து வச்சாளோ அத்தனையும் நிரம்புச்சு, பாத்திரம் தீர்ந்ததும் எண்ணெய் நின்னுபோச்சு. இது எனக்குச் சின்ன வயசுலயிருந்தே தெரிஞ்ச கதைதான். ஆனா பிரதர் மைக்கைக் கீழ இறக்கி, காதுக்குள்ள சொல்ற மாதிரி கேட்டாரு. "நீ பாத்திரமே வைக்கலையே. அவரு எங்கே ஊத்துவாரு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"வீடு கேக்குறியா, மனையை அள. கார் கேக்குறியா, அது நிக்க இடம் பண்ணு. ஒண்ணு விதை, நூறு அறு"ன்னாரு. எனக்குக் கார்னு ஒரு ஆசை உண்டு. எங்க ஹெட்மாஸ்டர் ஒரு காலத்துல வெள்ளைக் கார் வச்சிருந்தாரு. அதைத் துடைக்கிற பாக்கியம் ரொம்ப நாள் எனக்குத்தான். அதனால ஆசை அன்னைக்கு வந்ததுன்னு சொல்ல முடியாது. அதுக்கு அனுமதி கிடைச்சது அன்னைக்குத்தான்.

சரி, இடம். நம்ம வீட்டுல இடம்னா இதுதான், இந்த முன்பக்கம். இங்கே அப்போ தொழுவம் இருந்துச்சு. தரை சரிவு எதுக்குன்னு இப்ப விளங்குதா? மாட்டு மூத்திரம் ஓடுறதுக்கு. என் வீட்டுக்காரி கனகபாய் ஒரு பசு வச்சிருந்தா, ரோசின்னு பேரு. செவலை. கனகம் தன் அம்மா வீட்டுல குடுத்த காசுல கன்னுக்குட்டியா வாங்கி வளர்த்தது. அவ காசுன்னு சொல்றது ஒரு பேச்சுக்குத்தான், கல்யாணம் ஆனா எல்லாம் ஒண்ணுதானே. நாலைஞ்சு வீட்டுக்குப் பால் ஊத்துவா. அதுல மளிகை ஓடிரும். என் பொண்ணு பிரசவத்துக்கு வந்தப்ப ரோசி பால்தான். எனக்கும் ரோசி மேல பிரியம் உண்டு, இல்லைன்னு சொல்லலை.

ஆனா யோசிச்சுப் பாருங்க. விதையும் வேணும், அதான் ஊழியத்துக்குக் குடுக்கிற காணிக்கை, இடமும் வேணும். ரோசியை வித்தா ரெண்டும் ஒரே நாள்ல கிடைக்குது. இதைவிடத் தெளிவா யாரு வழி காட்ட முடியும்?

கனகத்துக்கிட்ட முன்னாடியே சொல்லலை. சொன்னா வருத்தப்படுவா. வருத்தம் எப்படியும் வரப்போகுது, அது ஒரு தடவை வந்தாப் போதாதா, ரெண்டு தடவை எதுக்கு? அவ பெண்கள் ஐக்கிய சங்கத்துக் கூட்டத்துக்கு நாசரேத் பக்கம் போயிருந்தா, மூணு நாள் கூட்டம். அந்த நேரத்துல தரகரைக் கூப்பிட்டு முடிச்சுட்டேன். பக்கத்து ஊர் பொன்னுதுரை, வாழைத்தோப்புக்காரரு, அவரு வாங்கிக்கிட்டாரு. ரோசி போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துச்சு. மாடுகளுக்கு என்ன தெரியும்?

கனகம் வந்தா. கையில ரோசிக்குன்னு ஒரு மணி வாங்கிட்டு வந்திருந்தா, சின்ன வெங்கல மணி. வந்து நின்னா. பார்த்தா. நான் எல்லாத்தையும் பொறுமையா விளக்கினேன். பிரதர் சொன்ன எண்ணெய்க் கதை, விதை, நூறு, எல்லாம். ஒரு கேள்விதான் கேட்டா.

"ஆண்டவரே எருசலேமுக்கு இரவல் கழுதையிலதான் போனாரு. உங்களுக்குச் சொந்தக் காரு கேக்குதாக்கும்?"

எப்படிப் பேசுறா பாருங்க. இதுக்குப் பதிலைப் பிரதர்கிட்ட ஃபோன்ல கேக்கணும்னு நினைச்சு மறந்துட்டேன்.

மறுநாள் விடியக்காலம் எந்திரிச்சுப் பார்க்கிறேன், கனகம் பால் செம்பைக் கையில வச்சுக்கிட்டுக் காலித் தொழுவத்து முன்னாடி நிக்கிறா. "என்னட்டி?"ன்னேன். "ஒண்ணுமில்ல, கை பழகிருச்சு"ன்னா. பழக்கம் அப்படித்தான் தம்பி. எனக்குக்கூட ரிட்டயர்டு ஆன புதுசுல பள்ளிக்கூட மணி கேட்டாக் கால் தானா எந்திரிக்கும். சரியாப்போயிரும்னு சொன்னேன்.

விதையைக் கொண்டுபோய்க் குடுத்தேன். அங்கே காணிக்கை எடுக்கிற அழகைப் பார்க்கணும் நீங்க. பழைய கோயில்ல ஒரு வெல்வெட் பையை நீட்டுவாங்க, உள்ளே கையை விட்டு எடுத்தா யாரு எவ்வளவு போட்டாங்கன்னு தெரியாது. இங்கே அப்படி இல்லை. கவர் குடுக்கிறாங்க, கவர் மேல வீடு படம், கார் படம், விமானம் படம்கூட இருக்கு, எது வேணுமோ அதுல ஒரு டிக் போடணும். அட்டை தேய்க்கிற மிஷினோட பிள்ளைங்க வரிசை வரிசையா வர்றாங்க. சில்லறை போடுறவங்க பக்கம் பிரதர் திரும்பியே பார்க்கலை. நான் கவரோட மேடை ஏறினப்ப என் தலையில கை வச்சாரு. "அடுத்த வருஷம் நீ நடந்து வர மாட்டே"ன்னாரு. எங்க ஐக்கியத்துல ஒரு கிழவிக்கும் அதையே சொன்னாராம், அதுக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சுபோச்சு. அது வேற விஷயம்.

ஷெட் தூண்ல தடவச் சொல்லி ஒரு எண்ணெய் பாட்டில் குடுத்தாங்க. தடவினேன். ஒரு வாரம் எறும்பு தாங்க முடியலை.

தொழுவத்தை இடிச்சு இந்த ஷெட்டைப் போட்டேன். ரிட்டயர்டு பணத்துல மிச்சம் இருந்தது இதுக்குள்ள போயிருச்சு. கதவு பாருங்க, இழுவைக் கதவு, எண்ணெயே கேக்காது. ஷெட்டு ரெடி. கார் வரலை. தெருவுல பயலுக சாயங்காலம் இதுக்குள்ள கேரம் போர்டு கொண்டுவந்து போட்டானுங்க. விரட்டிவிட்டேன். இடத்தைப் பரிசுத்தமா வச்சிருக்கணும்ல?

அப்போதான் எங்க பழைய கோயில் குருவானவரு தேவாசீர்வாதம் ஐயா வீட்டுக்கு வந்தாரு. இதோ, நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்துலதான் உட்கார்ந்தாரு. ஷெட்டை ஒரு பார்வை பார்த்தாரு.

"வேதக்கண்ணு, ஆண்டவர் என்ன ஏலச்சீட்டா நடத்துதாரு?"ன்னாரு.

"ஐயா, குடுத்தா வரும்னு வேதத்துலயே இருக்கே"ன்னேன்.

"இருக்கு. ஆனா நம்ம கோயிலைக் கட்டுனது யாருய்யா? பனையேறினவங்களும், உலையில போடுற அரிசியில ஒரு கைப்பிடி எடுத்து வச்ச பொம்பளைகளும். அவங்கள்ல ஒருத்தருக்காவது காரு வந்துச்சா? வரலைன்னா அவங்க விசுவாசம் பொய்யா?"

"அவங்க கேக்கலை ஐயா. கேட்டிருந்தா வந்திருக்கும்."

அதுக்கு அவரு சொன்னாரு, "காணிக்கைங்கிறது அவரு குடுத்ததுக்கு நன்றி. நீரு குடுத்தது அட்வான்ஸு. அதுகூடப் பரவாயில்ல, உம்ம காசு. அந்தப் பசு அந்த அம்மாவுதுல்லா?"

நானும் சும்மா விடலை, நல்லா பதில் சொல்லணும்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள கிளம்பிட்டாரு. அவரு மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகலை. எந்தக் காலத்து வண்டியோ. தெருமுனை வரைக்கும் நான்தான் தள்ளிவிட்டேன். தள்ளும்போது நினைச்சேன், இவரா நமக்கு ஆசீர்வாதத்தைப் பத்திச் சொல்லித்தர்றது?

கனகம் இன்னைக்கும் பழைய கோயிலுக்குத்தான் போறா. சோறு வைக்கும்போது கைப்பிடி அரிசி எடுத்துத் தனிச் சட்டியில போடுவா. நான் சொல்றதுண்டு, கைப்பிடி குடுத்தாக் கைப்பிடிதான் வரும்னு. "அது வர்றதுக்குப் போடலை"ம்பா. பின்ன எதுக்குப் போடணும்?

ஆனா ஒண்ணு, எங்களுக்குக் குறைவுன்னு எதுவும் இல்லை. அதைச் சொல்லணும். ரோசி போன கொஞ்ச நாள்ல பொன்னுதுரை தலையைச் சொறிஞ்சுக்கிட்டு வந்து நிக்கிறாரு. ரோசி யாரையும் மடியைத் தொட விட மாட்டேங்குதாம். மூணு ஆள் வச்சுப் பார்த்தாச்சாம், ஒருத்தனுக்கு முட்டியில உதையாம், பாலை மேல இழுத்துக்கிட்டு நிக்குதாம். "கனகாக்கா வந்து கறந்து குடுத்தாத்தான் உண்டு"ன்னாரு. இவளும் சரின்னுட்டா. தினம் விடியறதுக்கு முன்னாடி நடந்துபோய்க் கறந்து குடுத்துட்டு வருவா. சாயங்காலமும் ஒரு நடை. டாக்டர் அவளை நடக்கச் சொல்லி எத்தனையோ தடவை சொல்லியிருக்காரு, கேக்கவே மாட்டா. இப்போ சர்க்கரை நல்லா குறைஞ்சிருக்கு. பாதத்துல வெடிப்பு இருக்குதான், அதுக்கு மருந்து இருக்கு.

வரும்போது அரை லிட்டர் பால் கொண்டுவருவா, மாசம் பிறந்தா ஏதோ கூலியும் குடுப்பாங்க போல. நான் கேக்கிறதில்லை. மளிகை வந்துருது. பாருங்க, பசுவும் இல்லை, தீவனச் செலவும் இல்லை, ஆனா வீட்டுக்குப் பால் வருது! வனாந்தரத்துல ஒரு தீர்க்கதரிசிக்குக் காக்கா ரொட்டியும் இறைச்சியும் கொண்டு வந்துச்சுன்னு எங்க வேதத்துல இருக்கு. அதைத்தான் நான் ஐக்கியத்துல சாட்சியாச் சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. கனகத்துக்கிட்ட வந்து சொன்னேன். "அப்ப நான் காக்காவாக்கும்?"னுட்டு செம்பைக் கழுவப் போயிட்டா.

காரு மட்டும் தாமதம் ஆகுது. சரி, நேர்லயே போய்க் கேட்டுருவோம்னு போன மாசி மாசம் பஸ் ஏறினேன். பிரதரோட தலைமை அலுவலகம் மதுரை தாண்டி, நாலுவழிச் சாலை ஓரம். முழுக்கக் கண்ணாடி தம்பி. செருப்பைக் கழட்டணுமா வேண்டாமான்னு தெரியாம வாசல்லயே நின்னுட்டேன். பிரதரைப் பார்க்க முடியலை, அவரு ஜெபத்துல இருந்தாரு. எந்த நாட்டுல ஜெபத்துல இருந்தாருன்னு அங்கே இருந்தவங்களுக்கே சரியாத் தெரியலை. கவுண்டர்ல ஒரு பையன் இருந்தான், ரொம்ப மரியாதையான பையன்.

"ஐயா, நீங்க எதுக்காக விசுவாசிச்சீங்க?"

"கார் தம்பி."

கம்ப்யூட்டர்ல என்னமோ தட்டினான். நாக்கை 'ச்சு'ன்னு கொட்டினான். "நீங்க விதைச்சது இவ்வளவுதானா? ஐயா, இது டூவீலர் விதை."

"அப்படின்னா?"

"விதைக்குத் தக்கன அறுப்பு ஐயா. நீங்க போட்டது டூவீலர் அளவு, கேட்டது கார் அளவு."

நான் லேசுல விடுற ஆள் இல்லை. "அப்படின்னா ஒரு டூவீலராவது வந்திருக்கணுமே தம்பி?"ன்னேன்.

"நீங்க கார்லல்ல டிக் போட்டிருக்கீங்க? பரலோகத்துல அது கார் கணக்குலயே நிக்குது. மீதி விதையையும் போட்டுட்டீங்கன்னா முழுசா ரிலீஸ் ஆகும்."

எவ்வளவு தெளிவாச் சொல்லிட்டான் பாருங்க! ஒரு வருஷமாக் குழம்பிட்டு இருந்தேன், ஒரு நிமிஷத்துல தெளிஞ்சுபோச்சு. விதை பழுதில்லை, அளவுதான் குறைச்சல்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்துச்சு, பின்பக்கம் சுத்திப் பார்த்தேன். அங்கே ஒரு தொழுவம். தொழுவம்னு சொல்லக்கூடாது, டவுன்ல இருக்கிற நர்சிங் ஹோம் மாதிரி. தரையில டைல்ஸ், மேல ஃபேன், சுத்தி கொசுவலை. ஏழெட்டு மாடு, ஒவ்வொண்ணும் கோயில் தேர் மாதிரி நிக்குது. மாட்டுக்காரரு சொன்னாரு, "பிரதர் பாக்கெட் பால் தொட மாட்டாருங்க. இதெல்லாம் விசுவாசிகள் காணிக்கையாக் குடுத்தது." எனக்கு அங்கேதான் ஒரு வருத்தம். இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா ரோசியை நேராவே ஓட்டிக் குடுத்திருப்பேன். தரகு மிச்சமாயிருக்கும்.

இந்த வருத்தத்தைக் கனகத்துக்கிட்ட சொன்னேன். அன்னைக்குச் சோத்தை மூடி வச்சுட்டு அவ சீக்கிரமே படுத்துட்டா.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். உங்ககிட்ட இவ்வளவும் ஏன் சொல்றேன்னா, இன்னைக்கு நாள் அப்படி. ரோசி பொன்னுதுரை வீட்டுல கன்னு போட்டுச்சு. கிடேரி, பொட்டைக் கன்னு. தாய் மாதிரியே செவலை, நெத்தியில வெள்ளை. இவ இவ்வளவு நாள் வந்து கறந்து குடுத்ததுக்கு அந்தக் கன்னை அவளே வச்சுக்கட்டும்னு பொன்னுதுரை சொல்லிட்டாரு. தாராள மனசு. பால் மறந்து, புல்லு கடிக்க ஆரம்பிச்சாச்சு. இன்னைக்கு அதைக் கூட்டிட்டு வரத்தான் கனகம் போயிருக்கா. அசனச் சாப்பாடுகூட வேண்டாம்னுட்டுப் போயிருக்கா.

நேத்து சாப்பிடும்போது சொல்றா, "கன்னை ஷெட்டுலதான் கட்டப்போறேன்."

"அது கார் ஷெட்டு"ன்னேன்.

"காரு வந்தா அவுத்துக் கட்டுவோம்."

"அது இருமனம் கனகம். காருக்குன்னு வச்ச இடத்துல மாட்டைக் கட்டினா, அவரு வராதுன்னு நாம முடிவு பண்ணிட்டோம்னு நினைப்பாருல்லா?"

"யாரு, பொன்னுதுரையா?"

"ஆண்டவர்!"

"அவரு பிறந்ததே மாட்டுத் தொழுவத்துலதான். ஒண்ணும் நினைக்க மாட்டாரு"ங்கிறா.

இவகிட்ட பேசி ஜெயிக்க முடியாது. ஆனா நான் அதுக்கு முன்னாடியே உள்ளுக்குள்ள ஒரு முடிவு எடுத்துட்டேன். மீதி விதை எங்கேயிருந்து வரும்னு யோசிச்சுட்டு இருந்தேன் பாருங்க, அதுதான் நடந்து வருது. கன்னு! கிடேரிக் கன்னுக்கு இப்ப நல்ல விலை. கவுண்டர் பையன்கிட்ட ஃபோன்ல சொல்லிக்கூட வச்சுட்டேன், இந்த மாசத்துக்குள்ள முடிச்சுருவேன்னு. கனகத்துக்கு இது தெரியாது. முந்தாநாள் அந்தப் பையன் திரும்பக் கூப்பிட்டப்ப அவதான் எடுத்தா. "ஐயாவோட மீதி விதை கன்னு எப்போ வருதும்மா?"ன்னு கேட்டிருக்கான். ஃபோனை என் கையில குடுத்துட்டு, சேலையை மாத்திக்கிட்டு பொன்னுதுரை வீட்டுக்குக் கிளம்பிட்டா. கறக்கிற நேரம்கூட இல்லை அது. அவளுக்கு இந்த விதை விஷயமெல்லாம் புரியாது, ஏதோ தோட்டத்து விதைன்னு நினைச்சிருப்பா.

அதனாலதான் தம்பி, இன்னைக்குப் பார்த்து உங்க கார் இங்கே வந்து நிக்குதுன்னா அதை நான் என்னன்னு எடுத்துக்கிறது? அவ கன்னோட வருவா, ஷெட்டுல கார் நிக்கும். வெள்ளைக் கார்! எதிர்த்துப் பேச முடியுமா?

நீங்க தோட்டம் கீட்டம் வச்சிருக்கீங்களா? அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கா! பாருங்க, நான் சொல்லலை? கன்னை ஒரு பார்வை பாருங்க. உங்களுக்கு ஞாயமான விலைக்கு... ஐயோ, கட்டாயம் இல்லை. பாருங்கன்னுதான் சொல்றேன்.

அந்தா, வர்றா. தெருமுனையில. கயிறை இழுக்கவே இல்லை பாருங்க, அது தானாப் பின்னால வருது. கழுத்துல அந்த வெங்கல மணியைக் கட்டியிருக்கா. எந்திரிக்காதீங்க, எந்திரிக்காதீங்க. அவ முதல்ல காரைப் பார்க்கட்டும்.

கனகம்! பாத்தியா? ஷெட்டுக்குள்ள கார்! நான் சொன்னேன்லா?

"அசனத்துக்கு வந்தவகளா தம்பி? சாப்பிட்டீயளா? கறி வச்சானுவளா, வெறும் எலும்பா? உங்க வீட்டம்மா கோயில் வாசல்ல நின்னு உங்களைத் தேடிட்டு இருக்காவ, சின்னப் பிள்ளை தூங்கி விழுது. வண்டியை மெதுவா எடுங்க என்ன, கன்னு மிரளும்."

ஏட்டி, வந்தவரை விரட்டாத. அவரு கன்னைப் பார்க்கணும்ங்கிறாரு. அவங்க அப்பாவுக்கு நிலம் இருக்காம்.

"பார்க்கட்டும். பார்க்கிறதுக்கு என்ன?"

பிடிச்சிருந்தா வாங்கினாலும் வாங்குவாரு.

"அதெப்படி வாங்குவாரு? நம்ம கன்னு இல்லையே இது."

என்ன சொல்லுதே?

"பொன்னுதுரை அண்ணாச்சி கன்னு. நான் வாரத்துக்குப் பிடிச்சிருக்கேன். விக்கணும்னா அவியதான் விக்கணும். இதைக் காணலைன்னா நேரா உங்க முன்னாலதான் வந்து நிப்பாவ. நாலு பேரு முன்னால வச்சுப் பேசியாச்சு."

தம்பி, கேட்டீங்களா இந்தக் கூத்தை? உங்களுக்கு வாரம்னா தெரியுமா? எங்க பக்கம் வழக்கம். மாடு ஒருத்தருது, வளர்ப்பு இன்னொருத்தருது. இவ தீனி போட்டு, தண்ணி காட்டி, பெருசாக்கி, அது ஈன்றதுக்கு அப்புறம் விலை போட்டுப் பாதி அவருக்குக் குடுக்கணும். அதுவரைக்கும் கயிறு மட்டும்தான் இவளுது. வாங்க வழி இல்லாதவங்க பண்றது அது. இவளுக்கு என்ன வந்துச்சு? அந்த மனுஷன் முழுசாச் சும்மாவே தர்றேன்னாரே!

ஏன் கனகம், அவரு பேச்சு மாறிட்டாரா?

"இல்ல. நான்தான் வாரத்துக்குத் தாங்கன்னு பிடிவாதமா நின்னு கேட்டேன்."

சும்மா வந்ததை வாரத்துக்கு மாத்துன ஆளை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? ஏன்ட்டி இப்படிப் பண்ணுனே?

"முழுசா நம்மளுதா இருந்தா இந்த வீட்டுல நிக்காதுங்க. பாதி அடுத்தவருதுன்னா நிக்கும்."

இதுக்கு என்ன அர்த்தம்? தூணைப் பார்த்துக்கிட்டே சொல்லிட்டு வைக்கோல் எடுக்க உள்ளே போயிட்டா. இனி கவுண்டர் பையன்கிட்ட நான் என்ன சொல்றது? பாதிக் கன்னை எப்படித் தம்பி விதைக்க முடியும்? அவன் கம்ப்யூட்டர்ல அதுக்கு இடமே இருக்காதே.

இல்லை இல்லை, நீங்க கிளம்புங்க. பிள்ளை தூங்கி விழுதுன்னு சொன்னாளே. கயிறை நான் பிடிச்சுக்கிறேன். ஏ, நில்லு, நில்லு, கார் வருது. விரலைச் சப்புது பாருங்க, என்னை இன்னைக்குத்தான் பார்க்குது. வாங்க, பின்னால வாங்க... இடது பக்கம் ஒடிங்க... ஆங், நேராப் போங்க.

ஒண்ணு மட்டும் சொல்றேன் தம்பி. கனகத்தை லேசா நினைச்சுராதீங்க. இந்தத் தெருப் பொம்பளைகள் குழுவுக்கே அவதான் தலைவி, பேங்க்காரனே அவகிட்ட கேட்டுத்தான் கூட்டல் போடுவான். பால் கணக்குல ஒரு பைசா அவளை யாரும் ஏமாத்தினது கிடையாது. அப்படிப்பட்டவ, இந்த ஒரு கணக்குல மட்டும் எப்படி ஏமாந்தாள்னுதான் எனக்கு விளங்கவே மாட்டேங்குது.